“நீதான்மா சரியாச் சொல்ல முடியும்!”

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். வெள்ளிக்கிழமை இரவு நிகழ்ச்சியை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து படுக்கவே மூன்று மணி ஆகிவிட்டது. பாதித் தூக்கத்தில்தான் தொலைபேசியை எடுத்தேன். அறிமுகமில்லாத எண்.

“ரேடியோவில பேசற பொண்ணுதானேமா?” என்றார் ஓர் ஆன்ட்டி. கிள்ளானில் இருந்து பேசுவதாகச் சொன்னார். நேயராக இருக்கும், யாரோ என் எண்ணைக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து, வானொலிக் குரலைக் கொஞ்சம் வரவழைத்துக்கொண்டு வணக்கம் சொன்னேன். அவர் அடுத்து ஒரு பெயரைச் சொல்லி, “அவருதானேமா உன் வீட்டுக்காரரா இருந்தது?” என்று கேட்டார்.

தூக்கம் போய்விட்டது.

விஷயம் இதுதான். ஆன்ட்டியின் மகளுக்கு முப்பத்து மூன்று வயது. மணவிலக்கு ஆனவர், ஆறு வயதில் ஒரு பையன் இருக்கிறான். என் முன்னாள் கணவரை அவருக்குப் பேசியிருக்கிறார்கள். இருவரும் இரண்டு முறை சந்தித்தும் விட்டார்கள். ஆன்ட்டி கோவிலில் விசாரித்திருக்கிறார், அவர் குடியிருக்கும் தாமானில் விசாரித்திருக்கிறார், உறவில் யார் யாரையோ பிடித்தும் கேட்டிருக்கிறார். எல்லாரும் நல்லவர் என்றுதான் சொன்னார்களாம்.

“எல்லாரும் நல்லவருன்னு சொன்னா எனக்குப் பயமா இருக்கு. ஏற்கெனவே ஒரு தடவை அப்படி நம்பித்தான் ஏமாந்தோம். கூட வாழ்ந்தவ நீ. நீதான்மா சரியாச் சொல்ல முடியும்.”

திங்கட்கிழமை வரை நேரம் கொடுங்கள் என்று கேட்டு வைத்துவிட்டேன். கோபம் வந்ததா, சிரிப்பு வந்ததா என்று எனக்கே தெரியவில்லை. பிறகு யோசித்தபோது ஆன்ட்டியைக் குறை சொல்லவும் முடியவில்லை. பழைய கார் வாங்கினாலே முன்பு ஓட்டியவரைக் கேட்கிறோம். மகளின் வாழ்க்கையைப் பற்றி ஒரு தாய் கேட்கக்கூடாதா?

அன்று இரவு நான் தேடிப் பிடித்துப் பார்த்த படம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அதை முதல் முறை பார்த்தபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. சிரித்துவிட்டு மறந்துவிட்டேன். ஆன்ட்டி பேசி முடித்ததும் அதில் வரும் ஒரு காட்சி திடீரென்று நினைவுக்கு வந்தது.

படத்தின் பெயர் ‘இனஃப் செட்’. 2013இல் வெளிவந்தது. எழுதி இயக்கியவர் நிக்கோல் ஹோலோஃப்செனர். பெரிய நட்சத்திரச் செலவில்லாமல், நான்கு பேர் ஒரு வீட்டில் உட்கார்ந்து பேசுவதையே படமாக எடுக்கத் தெரிந்த அமெரிக்க இயக்குநர். ஜூலியா லூயி-டிரைஃபஸ் ஈவாவாக வருகிறார். லாஸ் ஏஞ்சலிஸில் வீடு வீடாகப் போய் மசாஜ் செய்பவர். மணவிலக்கு ஆனவர். மடக்கும் மேசை ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு போவார். ஒரு வீட்டில் இளைஞன் ஒருவன் ஒவ்வொரு முறையும் மாடிப்படி உச்சியில் நின்று, அவர் அதைத் தூக்கிக்கொண்டு ஏறுவதை வேடிக்கை பார்ப்பான். ஒரு கை கொடுக்க மாட்டான். ஈவாவும் கேட்க மாட்டார்.

ஒரு விருந்தில் ஈவா இரண்டு பேரைச் சந்திக்கிறார். ஒருவர் மேரியான் என்ற கவிஞர், கேத்தரின் கீனர் நடித்தது. அழகான வீடு, அழகான பேச்சு. ஈவாவின் வாடிக்கையாளராகி, பிறகு தோழியும் ஆகிறார். இன்னொருவர் ஆல்பர்ட். பருத்த உடம்பு, நகைச்சுவையான ஆள், பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைச் சேகரித்து வைக்கும் காப்பகத்தில் வேலை. நடித்தவர் ஜேம்ஸ் கண்டோல்ஃபினி, ‘தி சோப்ரானோஸ்’ தொடரில் மாஃபியா தலைவனாக மிரட்டியவர். இந்தப் படம் திரைக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன்பே, 2013 ஜூனில், 51 வயதில் இறந்துவிட்டார். அதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது அவர் சிரிக்கும் இடமெல்லாம் கொஞ்சம் கனக்கிறது.

ஆல்பர்ட்டும் மணவிலக்கு ஆனவர்தான். இருவருக்கும் கல்லூரிக்குக் கிளம்பும் வயதில் ஆளுக்கொரு மகள். பேசுகிறார்கள், சாப்பிடப் போகிறார்கள், பிடித்துப்போகிறது. இன்னொரு பக்கம், மசாஜ் மேசையில் படுத்துக்கொண்டு மேரியான் தன் முன்னாள் கணவரைப் பற்றிப் புலம்பிக்கொண்டே இருக்கிறார். குண்டு, நாசூக்கு இல்லை. அவகாடோ துவையலில் இருக்கும் வெங்காயத்தை ஒதுக்கி ஒதுக்கிச் சாப்பிடுவதைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்குமாம். அந்த முன்னாள் கணவர் ஆல்பர்ட்தான் என்று ஈவாவுக்கு ஒரு கட்டத்தில் புரிந்துவிடுகிறது.

இங்கேதான் படம் என்னை மாட்ட வைத்தது. உண்மை தெரிந்த பிறகும் ஈவா இருவரிடமும் வாய் திறக்கவில்லை. மேரியானிடம் இன்னும் கேட்கிறார், அதுவும் ஆர்வமாக. கேட்கக் கேட்க ஆல்பர்ட்டின் மீது அவர் பார்வை மாறுகிறது. நேற்றுவரை கண்ணில் படாத வெங்காயம் இன்று படுகிறது. நண்பர்கள் வீட்டு விருந்தில் எல்லார் முன்னிலையிலும் ஆல்பர்ட்டின் உடம்பைக் கிண்டல் செய்கிறார். திரும்பும் வழியில் ஆல்பர்ட் சொல்வதன் சாரம் இது: என் முன்னாள் மனைவியோடு மாலைப் பொழுதைக் கழித்ததைப் போல் இருக்கிறதே, ஏன்?

நம் ஊரில் இதற்கு ‘விசாரிப்பது’ என்று பெயர். நாம் அதைப் பெருமையாகவே செய்கிறோம். ஈவா தெரிந்தே செய்த தவற்றை, நம் அம்மாக்களும் சித்திகளும் பாதுகாப்பு என்று நினைத்துச் செய்கிறார்கள். முதல் கல்யாணத்துக்கு அக்கம்பக்கத்தில் விசாரித்தால் போதும். இரண்டாவது என்றால் பழைய வழக்கையே திறந்து படிக்கத் தோன்றுகிறது.

ஊடகத் துறையில் பட்டம் படித்தவள் என்ற உரிமையில் ஒரு கேள்வி கேட்கிறேன். நம் தமிழ்ப் படங்களில் மணவிலக்குக்குப் பிறகு ஒருவர் சிரித்து, காதலித்து, சொதப்பி, மறுபடி எழுந்த கதை எத்தனை? பல்கலைக்கழகத்தில் ‘மௌன ராகம்’ பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினேன். 1986இல் மணிரத்னம் எடுத்த அந்தப் படத்தில், கணவன் என்ன பரிசு வேண்டும் என்று கேட்க, திவ்யா விவாகரத்து கேட்கிறாள். அந்தத் துணிச்சலைப் புகழ்ந்து பக்கம் பக்கமாக எழுதியது நினைவிருக்கிறது. ஆனால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்ல, அந்த ஒரு வருடத்தில் மனம் மாறி, ரயிலில் வைத்து இருவரும் சேர்ந்துவிடுகிறார்கள்.

34 வருடம் கழித்து, 2020 காதலர் தினத்தன்று, ‘ஓ மை கடவுளே’ வந்தது. அஸ்வத் மாரிமுத்துவின் முதல் படம். நாயகன் அசோக் செல்வனே தயாரிப்பிலும் பங்கெடுத்தார். எனக்கு மிகவும் பிடித்த படம். கழிவறைப் பீங்கானைத் தரம் பார்க்கும் வேலையில் இருக்கும் நாயகன், குடும்ப நீதிமன்ற வாசலில் விவாகரத்துக்காக நிற்கிறான். அங்கே விஜய் சேதுபதி கடவுளாக வந்து, வாழ்க்கையைத் திரும்ப வாழ ஒரு தங்கச் சீட்டு கொடுக்கிறார். அற்புதமான கற்பனை. ஆனால் அங்கேயும் விவாகரத்து நடக்கவில்லை. அது கெட்ட கனவாகக் கலைந்து, நாயகன் அதே மனைவியிடம் திரும்புகிறான்.

உண்மையிலேயே மணவிலக்கு ஆன பெண் கதாநாயகியாக வந்தால்? ‘என்னை அறிந்தால்’ படத்தின் ஹேமானிகாவை நினைத்துப் பாருங்கள். நடனக் கலைஞர், ஒரு மகளின் தாய், த்ரிஷாவின் மிக அழகான வேடங்களில் ஒன்று. அஜித் அவரைக் காதலித்துக் கல்யாணம் வரை வருகிறார். கல்யாணத்துக்கு முன்பே ஹேமானிகாவைக் கொன்றுவிடுகிறார்கள். திரையரங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மா, “ரெண்டாவது கல்யாணம்னாலே இப்படித்தான்” என்று முணுமுணுத்தார். படம் அதைச் சொல்லவில்லை என்று நான் சண்டை போட்டேன். இப்போது யோசித்தால், அம்மா படித்ததிலும் ஏதோ இருக்கிறது.

நம் மலேசியப் படங்களையும் சொல்ல வேண்டும். நான் குடியிருப்பது பிரிக்பீல்ட்ஸில். ஜாலான் துன் சம்பந்தனில் பூ கட்டும் அக்காக்களைக் கடக்கும்போதெல்லாம் தீபக் குமரன் மேனனின் ‘சலங்கை’ ஞாபகம் வரும். 2007இல் வந்த படம். இதே பிரிக்பீல்ட்ஸில், கணவன் விட்டுப்போன பிறகு பூ விற்றுப் பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தாய், நடனம் கற்க ஆசைப்படும் மகள். சத்தமே இல்லாமல் மனதைப் பிசையும் படம். அந்தத் தாய்க்கு இன்னொரு வாழ்க்கை உண்டா என்று யாரும் கேட்பதில்லை, அவரும் கேட்பதில்லை. காதல் கதையும் நமக்குச் சொல்ல வரும். 2016இல் ஷாலினி பாலசுந்தரம் ‘கீதையின் ராதை’யை எடுத்து நடித்தபோது, உள்ளூர்க் காதல் படத்துக்கு நம் மக்கள் வரிசையில் நின்றார்கள். ஆனால் காதல் என்றால் இளசுகளுக்கு, மணவிலக்கு என்றால் கண்ணீருக்கு என்று இரண்டு தனித்தனிப் பெட்டி வைத்திருக்கிறோம்.

சிரிப்புக்கு இங்கே பஞ்சமா என்ன? முஸ்லிம் அல்லாதவர்களுக்கான நம் திருமண, மணவிலக்குச் சட்டம் 1976இல் இயற்றப்பட்டு, 1982 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆன தம்பதியர் இருவரும் சம்மதித்தால் கூட்டாக மனு போடலாம். ஒருவருக்குச் சம்மதமில்லை என்றால் பெரும்பாலும் முதலில் தேசியப் பதிவிலாகாவின் சமரசக் குழு முன் போய் உட்கார வேண்டும். தீர்ப்பு வந்தாலும் உடனே முடிந்துவிடாது. இடைக்கால ஆணை, பிறகு வழக்கமாக மூன்று மாதம் கழித்துத்தான் இறுதி ஆணை. அந்த மூன்று மாதத்தில் நீங்கள் மனைவியா இல்லையா என்று உங்களுக்கே தெரியாது. பாரம் நிரப்பும் இடத்தில் எல்லாம் பேனா ஒரு நிமிடம் நிற்கும்.

எங்களுடையது கூட்டு மனு. ஷா ஆலாம் உயர் நீதிமன்றத்தில் எல்லாம் சில நிமிடங்களில் முடிந்தது. வெளியே வந்தால் என் டச் அண்ட் கோ அட்டையில் பணம் இல்லை, கார் நிறுத்துமிடத்தை விட்டு வெளியேற முடியவில்லை. பின்னால் வரிசை கட்டி ஹாரன் அடிக்கிறார்கள். யாரிடம் கேட்பது? பத்து நிமிடத்துக்கு முன் யாரை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேனோ அவரிடம்தான். இறங்கி வந்து, தன் அட்டையைத் தட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன். இப்போது அதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பு வராமல் சொல்லி முடிக்க முடிவதில்லை. இதை யாராவது படமாக எடுங்கள், கதைக்குக் காசு கேட்க மாட்டேன்.

சரி, படத்துக்கு வருகிறேன். முதல் முறை பார்த்தபோது நான் ஈவாவின் பக்கம் இருந்தேன். இந்த முறை நான் உட்கார்ந்திருந்தது மேரியானின் நாற்காலியில். இயக்குநர் மேரியானை வில்லியாகக் காட்டவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அவர் பொய் சொல்லவில்லை. வெங்காயம் உண்மை, எரிச்சலும் உண்மை. அவர் வாழ்க்கையில் அது அவ்வளவு பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். ஈவாவுக்கு அது வெறும் வெங்காயமாக இருந்திருக்கும், யாரும் சொல்லாமல் இருந்திருந்தால்.

ஞாயிற்றுக்கிழமை கொமுட்டர் ஏறிக் கிள்ளானில் அம்மா வீட்டுக்குப் போனேன். வழக்கமாகச் சனிக்கிழமை போவது, இந்த வாரம் தள்ளிப்போனது. ரயிலில் உட்கார்ந்து ஆன்ட்டிக்குச் சொல்ல வேண்டியதைக் கைப்பேசியில் குறித்துப் பார்த்தேன். மூன்று வருடக் கல்யாணத்தில் ஒரு நாள்கூட என் நிகழ்ச்சியைக் கேட்டதில்லை. கோபம் வந்தால் பேச மாட்டார், நான்கு நாள், ஐந்து நாள். நண்பர்களுக்குக் கேட்காமல் பணம் கொடுப்பார். ஒரு தைப்பூசத்தன்று என்னைக் கூட்டத்தில் தனியாக விட்டுவிட்டுப் போனார். சுபாங் ஜெயா தாண்டுவதற்குள் பதினொன்று ஆகிவிட்டது. எல்லாம் உண்மை.

அம்மாவிடம் அழைப்பைப் பற்றிச் சொன்னேன். அம்மா தோசைக் கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டார்: “அடிச்சாரா?” இல்லை. “குடிச்சாரா?” இல்லை. “கடன்?” இல்லை. “அப்ப என்னத்தச் சொல்லப் போற?” என் மணவிலக்கின்போது ஆறு மாதம் என்னோடு பேசாமல் இருந்தவர் இந்த அம்மா. அக்கம்பக்கத்தில், “வேலை தூரம், அதான் மக பிரிக்பீல்ட்ஸ்ல தங்கியிருக்கா” என்று சொல்லிச் சமாளித்தவர். அவர் வாயிலிருந்தே இந்தக் கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அம்மா கேட்ட அந்த மூன்றில் ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்பது பதிலாக இருந்திருந்தால், நான் திங்கட்கிழமை வரை காத்திருந்திருக்க மாட்டேன். அதை மறைப்பது பெருந்தன்மை ஆகாது. அடிபட்டு வெளியே வந்த பெண்கள் நள்ளிரவில் என் நிகழ்ச்சிக்குப் போன் செய்திருக்கிறார்கள். முன்பே ஒருத்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்று அழுதிருக்கிறார்கள். விசாரிப்பதே தவறு என்று நான் எழுத வரவில்லை.

திங்கட்கிழமை மாலை நானே அழைத்தேன். அடிக்க மாட்டார், குடிக்க மாட்டார், கடன் இல்லை என்றேன். மற்றபடி எனக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை என்றேன். ஆன்ட்டிக்குத் திருப்தி இல்லை. “அவ்வளவு நல்லவரா இருந்தா நீ ஏம்மா விட்டுட்டு வந்த?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. நேரலையில் எத்தனையோ பேரைச் சமாளித்தவளுக்கு இதற்குப் பதில் வரவில்லை. “உங்க மகள என்கிட்ட பேசச் சொல்லுங்க ஆன்ட்டி” என்றேன்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் அழைத்தார். அம்மா தொந்தரவு செய்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டார். பிறகு கொஞ்ச நேரம் என் நிகழ்ச்சியைப் பற்றிப் பேசினோம். என்னென்ன கேட்பாரோ என்று நான் தயாராக இருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“அக்கா, அவருக்குப் பிள்ளைங்கன்னா பிடிக்குமா?”

எங்களுக்குப் பிள்ளை இல்லை. தெரியாது என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். என் பட்டியலில் இருந்த பதினொன்றில் ஒன்றுகூட இதற்குப் பதில் இல்லை என்று நினைத்தபோதுதான் அந்தத் தைப்பூசம் ஞாபகம் வந்தது. பத்துமலை, நெருக்கும் கூட்டம். என் அக்கா மகனுக்கு அப்போது நான்கு வயது. மேலே போய் முருகனைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தான். இவர் அவனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, என் பக்கம்கூடத் திரும்பாமல் கிளம்பிவிட்டார். 272 படி. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் நான் கீழே மூன்று பேர் செருப்பைக் காவல் காத்துக்கொண்டு, கைப்பேசியில் தொடர்பு கிடைக்காமல், கோபத்தில் வெந்துகொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது பையன் அவர் தலையிலேயே சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவன் எச்சில் அவர் சட்டைக் காலரெல்லாம். அன்று இரவு நான் போட்ட சண்டையில் நியாயம் இருந்தது, அதை இப்போதும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அதை அப்படியே அந்தப் பெண்ணிடம் சொன்னேன். செருப்பை, சண்டையை, எச்சிலை எல்லாம் சேர்த்துச் சொன்னேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சிரிப்பு கேட்டது.

“எம்மவன் இருபத்து நாலு கிலோக்கா” என்றார்.